யார் கைபட்ட ரொட்டி? கப்பல் பிஸ்கோத்தும் நம் கடல் பயணங்களும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம், கவரைப்பேட்டை)



கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கி ஜி.என்.டி. சாலைப் பக்கம் வருகிறவர்கள் டீக்கடைகளில் வரிசையாக நிற்கும் கண்ணாடி ஜாடிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் வருக்கி இருக்கும். ஒன்றில் பட்டர் பிஸ்கட். இன்னொன்றில் பொறை. டீயில் தோய்க்காமல் கடித்தால் பல் நோகும். தெரு நாய்க்குப் போடுவதற்கென்றே அதை வாங்குகிறவர்களும் உண்டு.

யாருடைய நினைவாக நாம் இன்று கூடியிருக்கிறோமோ அந்த அண்ணன், இரவுப் பள்ளி முடிந்ததும் எங்களை டீக்கடைக்கு அழைத்துப் போவார். ஆளுக்கு ஒரு டீ, இரண்டு பொறை. தோய்த்துத் தின்றுகொண்டே சொல்வார்: "இத நாய்க்குப் போடறாங்க. எங்க தாத்தனோட அண்ணன் நேட்டாலுக்குக் கப்பல்ல போனப்ப இதத்தான் தின்னாராம்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். நாங்களும் சிரித்திருக்கிறோம். அவர் இல்லாத இந்த நாட்களில் அந்தப் பேச்சு எங்களைத் துரத்திக்கொண்டே இருந்தது. கப்பலில் தின்ற அந்தக் கல் ரொட்டி எது? அதைச் சுட்டது யார்? அதைத் தின்ன நேர்ந்தவர்கள் யார், தின்ன மறுத்தவர்கள் யார்? இந்தக் கேள்விகளின் பின்னால் போனதில் எங்களுக்குக் கிடைத்ததை உங்கள் முன் வைக்கிறோம்.

சோற்றைப் பற்றியும் கூழைப் பற்றியும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அடுப்பு இல்லாத இடத்தில் நம்மவர் தின்றதைப் பற்றி அதிகம் பேசவில்லை. இன்று அதைப் பேசுவோம்.

கல் ரொட்டி

பிஸ்கட் என்ற சொல்லுக்கு இலத்தீன் மூலத்தில் 'இருமுறை சுட்டது' என்று பொருள். நம் பாட்டிமார் சொன்ன 'பிஸ்கோத்து' ஆங்கிலத்தைவிடப் போர்த்துகீசியரின் சொல்லுக்கு நெருக்கமானது. அந்தப் பண்டம் கப்பல் வழியாகக் கரையேறியதற்குச் சொல்லே சாட்சி.

கப்பல் பிஸ்கோத்தின் செய்முறை எளியது. கோதுமை மாவு, தண்ணீர், சில இடங்களில் கொஞ்சம் உப்பு. எண்ணெய் கிடையாது, நெய் கிடையாது, புளிப்பு கிடையாது. கொழுப்பு இருந்தால் காறிப்போகும், ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். ஆகவே மாவை இறுகப் பிசைந்து, தட்டையாக வெட்டி, உள்ளே இருக்கும் நீராவி வெளியேற முள்ளால் துளையிட்டு, மெதுவாகச் சுட்டு, அதன்பின் சூடான அறையில் நாள்கணக்கில் உலர்த்துவார்கள். ஈரம் படாமல் வைத்தால் ஒரு வருடத்துக்கு மேலும் தாங்கும். அதை அப்படியே கடிக்க முடியாது. துணியில் சுற்றிக் கட்டையால் தட்டி உடைத்து, கஞ்சியிலோ வெந்நீரிலோ ஊறவைத்துத்தான் தின்ன முடியும். நீண்ட பயணத்தில் வண்டு விழும். மாலுமிகள் மேசையில் தட்டி வண்டை உதிர்த்துவிட்டுத் தின்றார்கள்.

ரோமானியப் படைவீரர்களின் மூட்டையில் இப்படி ஒரு ரொட்டி இருந்தது. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கடற்படையில் மாலுமிக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் பிஸ்கோத்தும், ஒரு கேலன் பீரும் கணக்கு. உப்பிட்ட மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் குறித்த கிழமைகளில் கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் கடற்படை தன் பிஸ்கோத்தை நீராவி இயந்திரம் வைத்தே செய்யத் தொடங்கியது. உணவுப் பண்டம் ஒன்றை ஆலையில் வரிசை முறையில் பெருமளவு செய்த முதல் இடங்களில் அதுவும் ஒன்று.

மனிதர்களை அவர்கள் அடுப்பிலிருந்து பிரித்து, வெகுதூரம் கொண்டுபோய், அங்கே வேலை வாங்கவோ சண்டையிடவோ வைக்க வேண்டுமானால் இப்படி ஓர் உணவு தேவைப்படுகிறது. மாலுமிக்கும் சிப்பாய்க்கும் கூலிக்கும் அளந்து கொடுக்க எளிது. பீப்பாயை எண்ணினால் எத்தனை நாள் எத்தனை பேரை ஓட்டலாம் என்று கணக்கு வந்துவிடும். உலகத்தைக் கட்டி ஆண்ட கப்பல்கள் இந்தக் கணக்கின் மேல்தான் மிதந்தன.

பழவேற்காட்டுக் கரை

அந்தக் கப்பல்கள் நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. இங்கிருந்து கிழக்கே பொன்னேரி தாண்டிப் போனால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் அங்கே 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக நெடுங்காலம் இருந்தது அதுதான். துணி போனது, வெடிமருந்து போனது என்று பாடப்புத்தகம் சொல்லும். மனிதர்களும் போனார்கள். பஞ்சமும் போரும் வந்த வருடங்களில் இந்தக் கரையில் அடிமைகளை வாங்கி பத்தேவியாவுக்கும் மற்ற டச்சு இடங்களுக்கும் ஏற்றினார்கள். 1659-61 பஞ்ச காலத்தில் மட்டும் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இப்படிப் போனார்கள். ஒரு வேளைச் சோற்றுக்காகத் தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் அவர்கள்.

அந்தக் கப்பல்களில் மேல்தளத்து மாலுமிக்குக் கல் ரொட்டி. கீழே அடைக்கப்பட்டவர்களுக்கு அரிசி. மாலுமியும் அடிமட்டத்து ஏழைதான், அவன் ரொட்டியிலும் வண்டுதான். ஆனாலும் அவனுக்குச் சம்பளம் உண்டு, திரும்பி வர ஊர் உண்டு. ஒரே கப்பலில் யாருக்கு எது என்பதைப் பார்த்தாலே யார் யார் என்று தெரிந்துவிடும். வரலாறு படிக்கிற மாணவர்கள் கப்பலின் சரக்குப் பட்டியலோடு அதன் உணவுப் பட்டியலையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கடலும் அடுப்பும்

இனி சாதிக்கு வருவோம். சாதி ஆசாரத்தில் உலர்ந்த உணவுக்கு ஒரு சட்டம், நீர்பட்டு வெந்த உணவுக்கு வேறு சட்டம். அவல், பொரி, வறுத்த கடலை, பழம் இவற்றில் தீட்டு அவ்வளவாக ஒட்டாது. சோற்றில் ஒட்டும். நீரும் நெருப்பும் சேர்ந்துவிட்டால் சமைத்தவரின் சாதி உணவில் ஏறிவிடும் என்பது அவர்கள் கணக்கு. கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று சொன்னதன் அடியிலும் இந்தச் சமையல் பயம் இருந்தது. கப்பலில் தனித்தனி அடுப்பு வைக்க முடியாது. மரக்கப்பலில் நெருப்பு என்றால் உயிர்ப் பயம். தண்ணீரும் ஒரே பீப்பாயிலிருந்துதான். தனி அடுப்பும் தனிக் கிணறும் இல்லாமல் சாதியை எங்கே வைத்துக் காப்பாற்றுவது? அதனால் வங்காளப் படையின் மேல்சாதிச் சிப்பாய்கள் கப்பலேற வேண்டிவந்தபோது, சமைக்காமல் வறுத்த தானியத்தைத் தின்றே நாளைக் கழித்தார்கள்.

பிஸ்கோத்து இதில் ஒரு சிக்கலான பண்டம். பார்க்க உலர்ந்தது. ஆனால் மாவில் நீர் ஊற்றிப் பிசைந்து நெருப்பில் சுட்டது. பிசைந்த கை வெள்ளைக்காரனுடையதாக இருக்கலாம், முஸ்லிம் ரொட்டிக்காரருடையதாக இருக்கலாம், நம்முடையதாகவும் இருக்கலாம். அதனால் ஆசாரக்காரர்களுக்கு அது சாதியைக் கெடுக்கும் பண்டமாகவே இருந்தது. 1846-இல் வங்காளத்தில் ராஜ்நாராயண் போஸ் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்த அன்று, சாதிக் கட்டை உதறியதற்கு அடையாளமாக பிஸ்கட்டும் ஷெர்ரி மதுவும் உண்டார். பிஸ்கட் தின்பதே ஒரு பிரகடனமாக இருந்த காலம் அது.

1824-இல் ஆங்கிலேயர் பர்மா மீது படையெடுத்தபோது ரங்கூனுக்குக் கப்பலில் போன இந்தியப் படை பெரும்பாலும் சென்னை மாகாணப் படை. வங்காளப் படையினரைத் தரைவழியாகச் சிட்டகாங்குக்கு நடத்தப் பார்த்தார்கள். அதிலும் பாரக்பூரில் கலகம் வெடித்தது. மூட்டை சுமக்க மாடு தராதது ஒரு குறை, கப்பலேற்றிவிடுவார்களோ என்ற அச்சம் இன்னொன்று. 1856-இல் பொதுப்பணி ஆள்சேர்ப்புச் சட்டம் போட்டு, இனிச் சேர்கிறவர்கள் கடல் கடந்தும் போயாக வேண்டும் என்று வங்காளப் படைக்குக் கட்டாயமாக்கினார்கள். அடுத்த வருடம் மூண்ட பெருங்கலகத்தின் காரணங்களில் அந்தச் சட்டத்தையும் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

சென்னைப் படை அதற்கு வெகுகாலம் முன்பே கடல் கடந்துகொண்டிருந்தது. 1780-இல் தொடங்கிய சென்னைப் பயனியர் படைதான் பின்னாளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆயிற்று. பாலம் கட்டவும் பாதை போடவும் கோட்டைச் சுவரைத் தகர்க்கவும் போன படை அது. 1801-இல் எகிப்து, 1811-இல் ஜாவா, 1824-இல் பர்மா, 1840-இலும் 1860-இலும் சீனா, 1868-இல் அபிசீனியா என்று அது கப்பலேறிய பட்டியல் நீளம். அந்தப் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். அவர்கள் கடலுக்கு அஞ்சவில்லை என்று வெள்ளை அதிகாரிகள் பாராட்டினார்கள். தோழர்களே, இதில் வீரம் ஒரு பாதி. மறுபாதி, காப்பாற்றிக்கொள்ள அவர்களுக்கு ஒரு தீட்டு இருக்கவில்லை என்பது. ஊர்க் கிணற்றில் இடமில்லாதவனைக் கப்பல் பீப்பாய்த் தண்ணீர் என்ன செய்துவிடும்?

அதே பறையர்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'போர்ச் சாதி' கோட்பாட்டைச் சொல்லிப் படைகளிலிருந்து ஒதுக்கத் தொடங்கினார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. கல் ரொட்டி தின்று சீனம்வரை போனவரின் பேரனுக்குப் படையில் கதவு குறுகிவிட்டது.

ட்ரூரோ கப்பலும் ஒரு பவுண்டும்

1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பனில் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோன முதல் கப்பல். 1911-இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்படும்வரை 1,52,000-க்கும் மேற்பட்டோர் நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள்.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். பல சாதிப் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. பறையர் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள் வருகின்றன. நாம் இன்று உட்கார்ந்திருக்கிற இந்தப் பகுதி அன்று செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி வட்டம். எழுத்து மறுக்கப்பட்ட நம் முன்னோர் முதன்முதலாகத் தகப்பன் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் ஒரு தாளில் ஏறியது, பலருக்கு அந்தக் கூலிப் பட்டியலில்தான்.

கூலிக் கப்பலில் அன்றாட உணவு பிஸ்கோத்து அல்ல. அரிசி, பருப்பு, நெய், உப்பு, மஞ்சள், மிளகாய், கருவாடு என்று ஆளுக்கு இவ்வளவு அவுன்ஸ் என விதி இருந்தது. கப்பலின் சமையல் தளத்தில் பெரிய அண்டாக்களில் சமைத்தார்கள். அங்கேயும் சாதி ஏறி வந்திருந்தது. எல்லோரும் மறுக்காமல் உண்ணும்படி, மேல்சாதி என்று கருதப்பட்டவர்களிலிருந்தே சமையல்காரர்களைப் பொறுக்கும் வழக்கம் இருந்தது. நம்மவர் தளத்தைக் கழுவலாம், தண்ணீர் இறைக்கலாம். உலைக்குப் பக்கத்தில் போவது வேறு விஷயம்.

காற்றும் அலையும் மிஞ்சிய நாட்களில் அடுப்பு மூட்ட முடியாது. அப்போதுதான் பிஸ்கோத்து வரும், கூடவே அவலும் கடலையும் சர்க்கரையும். எங்கோ முகம் தெரியாத கைகள் பிசைந்து சுட்ட ரொட்டி அது. அதை யார் செய்தது என்று கேட்க அந்தக் கப்பலில் ஒருவருக்கும் வழியில்லை. வாந்தியும் இருட்டுமாகக் கீழ்த்தளத்தில் கிடந்தவர்கள் எல்லோரும் ஒரே ரொட்டியை ஒரே தண்ணீரில் ஊறவைத்துத் தின்றார்கள். கடல் அமைதியாக இருந்த நாட்களில் சாதி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றது. கடல் கொந்தளித்த நாட்களில் அதற்கு நிற்க இடம் கிடைக்கவில்லை.

இதை நாங்கள் விடுதலை என்று சொல்ல வரவில்லை. அந்த ரொட்டியைக் கொடுத்த கைதான் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கியது. அதற்குள் அடங்கிய அவமானத்தை எழுதிவைத்த ஒருவர் இருக்கிறார். 1893-இல் கல்கத்தாவிலிருந்து ஃபிஜிக்கு ஏற்றப்பட்ட தோதாராம் சனாத்யா. 21 வருடங்கள் அங்கே இருந்துவிட்டு, 1914-இல் தன் அனுபவத்தை இந்தியில் நூலாக வெளியிட்டார். ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிரான கிளர்ச்சிக்கு அந்த நூல் பெரிதும் உதவியது. கப்பலில் தங்களுக்குக் கொடுத்தது வெள்ளைக்காரர்கள் நாய்க்குப் போடும் பிஸ்கட் என்றும், அது கையால் எளிதில் உடையாது, நீரில் ஊறவைக்க வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அண்ணன் டீக்கடையில் சொன்னதும் இதுதானே! சென்னையிலிருந்தும் 1903 முதல் 1916 வரை ஃபிஜிக்குக் கப்பல்கள் போயின. சுமார் 15,000 பேர் அப்படிப் போனார்கள்.

தோதாராம் பிராமணர். நாய்க்குப் போடுவதைத் தனக்குப் போட்டார்கள் என்பது அவர் வாழ்க்கையில் அதுவரை நேராத வீழ்ச்சி. நம்மவருக்கோ, கையில் படாமல் உயரத் தூக்கி ஊற்றிய கூழைக் குனிந்து வாங்கிக் குடித்த பழக்கம் ஊரிலேயே இருந்தது. ஒரே ரொட்டி ஒருவருக்குப் புதிய அவமானம், இன்னொருவருக்குப் பழைய அவமானத்தின் தொடர்ச்சி. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் கூலிகளின் வரலாற்றை ஒரே குரலில் எழுதினால் அது பாதி வரலாறு.

அவர்கள் ஏன் ஏறினார்கள்? 1876-78 தாது வருடப் பஞ்சத்தைப் பாருங்கள். 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் பஞ்ச நிவாரண வேலைக்குக் கூலியைக் குறைத்தார். மண்வெட்டும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் அற்பக் காசும் என்று வந்தது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் தரிக்கப் போதாது என்று எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் அதைத் திருத்த வேண்டிவந்தது. அதற்குள் போன உயிர்களைத் திருத்த முடியவில்லை.

ஒரு பவுண்டு என்ற அளவை நாம் ஏற்கெனவே கேட்டோம். கடற்படை மாலுமிக்கு ஒரு பவுண்டு பிஸ்கோத்து அவன் உணவின் ஒரு பகுதி. அதற்கு மேல் இறைச்சி, பட்டாணி, பீர். பஞ்சக் கூலிக்கு ஒரு பவுண்டு தானியம் ஏறக்குறைய எல்லாமே. அந்தப் பஞ்சத்தில்தான் 1877-78-இல் சென்னை நகருக்குள் 8 கிலோமீட்டர் நீளம் கால்வாய் வெட்டி வடக்குக் கால்வாயையும் தெற்குக் கால்வாயையும் இணைத்தார்கள். பழவேற்காடு வழியாகப் போகிற அந்தக் கால்வாய்க்கு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். வெட்டியவர் பெயர் எதிலும் இல்லை. ஊரில் இருந்தால் ஒரு பவுண்டுக்கு மண்வெட்டிச் சாக வேண்டும், கப்பலேறினால் இருபது அவுன்ஸ் அரிசியாவது எழுதிவைத்திருக்கிறது என்ற நிலையில்தான் பலர் ஏறினார்கள்.

ஏறியதில் ஒரு லாபமும் இருந்தது. பண்ணையாள் ஓடிப்போக ஒரு திசை கிடைத்தது. கூலிக்கு ஆள் கிடைக்காமல் போகும் என்று மிராசுதாரர்கள் கப்பலேற்றத்தை வெறுத்தார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891-இல் இந்த மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். நிலமற்று மிராசுதாரருக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த நிலையை அரசு ஆவணத்தில் பதித்தது அது. பஞ்சமி நிலத்துக்கான 1892 ஆணைக்கு அந்த அறிக்கைதான் வழிவகுத்தது. 'பறையன்' இதழை 1893-இல் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனும் பின்னர் கடல் கடந்து தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றித் திரும்பியவர்தான். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாசிக்கப்பட்டது. கல் ரொட்டி தின்று போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அனுப்பிய காசில் நம் அச்சு எழுத்துகள் கோக்கப்பட்டன.

பாக்கெட்டும் சோறும்

சாதி தோற்ற இடத்தில் அப்படியே விட்டுவிடாது. பிஸ்கட் கரையேறி நகரங்களில் பரவியதும் அதற்கும் ஒரு பூணூல் மாட்டப் பார்த்தார்கள். 1898-இல் தில்லியில் இந்து பிஸ்கட் கம்பெனி தொடங்கியது. மேல்சாதி இந்துக்கள் கைபட்டே செய்தது என்பது அதன் விளம்பரம். யார் கை என்று கேட்க முடியாத பண்டத்தில் கையின் சாதியை அச்சடித்து விற்றார்கள்.

பிறகு இயந்திரம் அந்தக் கேள்வியை மறைத்துவிட்டது. 1892-இல் கல்கத்தாவில் தொடங்கிய பிரிட்டானியா போன்ற கம்பெனிகள் இரண்டாம் உலகப் போரில் படைகளுக்கு பிஸ்கட் செய்தே பெரிதாக வளர்ந்தன. போர் முடிந்தது, பாக்கெட் வீட்டுக்கு வந்தது. கல் ரொட்டி மெத்தென்றாகி, சர்க்கரை சேர்ந்து, குளுக்கோஸ் பிஸ்கட் ஆனது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு பார்க்கிற ஒப்பந்தத் தொழிலாளியின் பையில் இன்றும் அதுதான் இருக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரே அறையில் எட்டுப் பேர் தங்குகிறவர்களுக்கு, காஸ் தீர்ந்த நாளில் அதுதான் இரவுச் சாப்பாடு. 2020 மே மாதத்தில் இந்த ஜி.என்.டி. சாலையில் வடக்கு நோக்கி நடந்து போனவர்கள் கையிலும் அதைப் பார்த்தோம். நாங்கள் கொடுத்ததும் அதுதான். அடுப்பிலிருந்து பிரிக்கப்பட்டவர்களின் உணவு என்ற அதன் பழைய வேலை இன்னும் முடியவில்லை.

இன்னொரு வேலையும் அதற்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதை எங்கள் வாழ்க்கையிலிருந்தே சொல்கிறோம். ஊரிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒருவர் கல்யாணத்துக்கோ சாவுக்கோ வருகிறார். நாற்காலி போடுகிறோம். தண்ணீர் கொடுத்தால், "இப்பத்தான் குடிச்சேன்" என்பார். டீ கொடுத்தால், "சுகர் இருக்குப்பா" என்பார். பெட்டிக்கடைக்கு ஆள் அனுப்பி மூடி திறக்காத கலரும் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிவந்தால் முகம் மலரும். அவரே பிரிப்பார். இரண்டு எடுத்துத் தின்பார். "நாங்கல்லாம் வித்தியாசம் பாக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போவார். உள்ளே எங்கள் அம்மாக்கள் வைத்த உலை கொதித்துக்கொண்டிருக்கும்.

புயல் நாளில் சாதியை நிற்கவிடாமல் செய்த அதே பண்டம், இன்று சாதி பத்திரமாக உட்காரும் நாற்காலியாக இருக்கிறது. பாக்கெட்டின் பளபளப்புத் தாள் எங்கள் கைக்கும் அவர் வாய்க்கும் நடுவில் ஒரு சுவர். அதனால்தான் சொல்கிறோம்: சேரியில் பிஸ்கட் தின்றதைச் சமத்துவத்துக்குச் சான்றாக யாரும் காட்டக் கூடாது. சான்று சோற்றில் இருக்கிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஊரார் எதிர்த்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதியும் அளவுக்கு அது போனது. அதே ஊர்க் கடைகளில் எந்தச் சாதிக்காரர் கைபட்டதென்று தெரியாத பிஸ்கட் விற்றுக்கொண்டுதான் இருந்திருக்கும். நம் கை ஆலைக்குள் மறைந்திருக்கும்வரை ஒருவருக்கும் சிக்கல் இல்லை. அடுப்பங்கரையில் தெரியும்போதுதான் சிக்கல்.

இன்னும் ஒரு நினைவைச் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 11 இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா போகிற பாக்மதி எக்ஸ்பிரஸ் நம் கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பெட்டிகள் கவிழ்ந்தன. ஓர் உயிரும் போகாதது பெரிய ஆறுதல். சத்தம் கேட்டு ஓடியவர்களில் எங்கள் தெருப் பிள்ளைகளும் இருந்தார்கள். கையில் கிடைத்த தண்ணீர்ப் பாட்டில்களையும் பிஸ்கட் பாக்கெட்டுகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். இருட்டில் பிள்ளையை அணைத்துக்கொண்டு நின்ற ஓர் அம்மாள், எங்கள் பையன் வாய்வைத்துக் குடித்த பாட்டிலையே வாங்கிப் பிள்ளைக்குப் புகட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவனுக்கு இந்தி தெரியாது. கூலிக் கப்பலின் கீழ்த்தளத்தில் புயல் நாள் எப்படி இருந்திருக்கும் என்று எங்களுக்கு அன்றுதான் கொஞ்சம் புரிந்தது.

விபத்திலும் வெள்ளத்திலும் புயலிலும் மனிதர்கள் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறார்கள். விடிந்ததும் அவரவர் கிணற்றுக்குத் திரும்பிவிடுகிறார்கள். புயல் இல்லாத நாளில், உலை கொதிக்கிற நாளில், யார் சமைத்தது என்று கேட்காமல் ஒரே பந்தியில் உட்கார வைப்பதுதான் அண்ணன் தன் வாழ்நாளெல்லாம் பார்த்த வேலை. இரவுப் பள்ளியில் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததைவிட, பள்ளி ஆண்டு விழாவில் ஊர்ப் பிள்ளைகளையும் எங்கள் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துச் சோறு போட்டதற்குத்தான் அவர் அதிகம் வசை வாங்கினார்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேட்டால் கப்பல் பட்டியல்கள் ஆவணமாக இருக்கின்றன, ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் பொன்னேரி வட்டத்து ஊர்ப் பெயர்களைத் தேடுங்கள். உங்கள் வீட்டில் 'கப்பலேறிப் போனவர்' என்று யாரைப் பற்றியாவது பேச்சு இருந்தால், பேச ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். என்ன தின்றார் என்பதையும் கேளுங்கள்.

எங்கள் உரை முடிந்தது. மண்டபத்துக்குப் பின்னால் சாப்பாடு தயாராகிக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருத் தாய்மார்கள் காலையிலிருந்து சமைத்தது. சோறு, சாம்பார், கருவாட்டுக் குழம்பு, ரசம். பிஸ்கட் பாக்கெட் கிடையாது. எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.